வெள்ளைக் கோட்டுக்குள்

“அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் மேடம், தோலை உரிச்சுடறேன்!”

மெத்தைக்கடைக்காரர் மேஜையைத் தட்டிய தட்டில் நகராட்சித் தலைவியின் டம்ளரில் இருந்த தண்ணீர் தளும்பியது. கூட்டத்துக்குக் கால் மணி நேரம் தாமதமாக, விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டே மாடியேறி வந்த மனுஷர், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். முன்னதாகவே பஸ்ஸில் வந்து, வலது கையில் மாவுக்கட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, கீழே தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க கோபம் புரியுது,” என்றார் தலைவி. “கடைத்தெருவுல சைக்கிளுக்குன்னு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தோம். கோட்டு மேல தடுப்புக் கம்பமும் நடணும்னு கேக்கறீங்க. அதைத்தான் இன்னைக்கு முடிவு பண்ணப் போறோம்.”

“வெறும் கோட்டை யாரு மேடம் மதிக்கிறா? எவனோ ஒரு தறுதலை கோட்டுக்குள்ள வண்டியை நிறுத்திட்டுப் போயிட்டான். இவ பாவம், லைப்ரரி வேலை முடிஞ்சு சைக்கிள்ல வந்தவ, அதைச் சுத்திக்கிட்டு நடுரோட்டுக்கு வந்திருக்கா. பின்னாடி வந்த கார் தூக்கிப் போட்டுடுச்சு. நான் டெலிவரிக்குப் போன இடத்துல ஆஸ்பத்திரியிலேருந்து போன் வருது. போட்டது போட்டபடி ஓடினேன்...”

அவர் சொன்னதில் நடிப்பில்லை. மனைவி கட்டிலில் கிடந்தபோது சாப்பாடு ஊட்டி, தலை வாரி, பின்னலைக்கூடக் கோணல்மாணலாகப் போட்டுவிட்டவர் அவர். அதை நினைக்க நினைக்க அவளுக்குத்தான் கூசியது.

கடைக்காரர்கள் சங்கத்தின் சார்பில் வந்திருந்த பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமினார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம தெருவுல யாரும் கோட்டுக்குள்ள வண்டி நிறுத்தறதில்ல. தங்கச்சி ஏதோ யோசனையில தடுமாறி விழுந்திருக்கும். அதுக்காகக் கம்பத்தை நட்டு எங்க பொழைப்புல மண்ணள்ளிப் போடணுமா?”

“அப்ப என் பொண்டாட்டி பொய் சொல்றாங்கறீங்களா?”

“என்ன வண்டின்னு கேட்டா தங்கச்சியே தெரியலைங்குதே!”

தலைவி அவள் பக்கம் திரும்பினார். “நீங்க ஒருத்தர்தாம்மா சாட்சி. நீங்க சொன்னா நாளைக்கே கம்பம் நட உத்தரவு போடறேன். இல்லைன்னா இந்தப் பேச்சை இத்தோட மூட வேண்டியதுதான். என்ன வண்டி அது?”

“ஞாபகம் இல்ல மேடம்.”

ஆஸ்பத்திரியில் சொன்ன அதே பொய். சொல்லிவிட்டு அவளால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த மனுஷர் என்ன ஆவாரோ என்ற பயம் ஒரு பக்கம். இவ்வளவு பேர் முன்னால் வாய் கூசாமல் பொய் சொல்கிறோமே என்ற வெட்கம் ஒரு பக்கம். லைப்ரரி மூடும் நேரத்தில் அவளோடு சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுக்கும் கல்லூரிப் பெண்களின் முகங்கள் வேறு வந்து நின்றன. இன்று சாயங்காலமும் அவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

“பயப்படாம சொல்லும்மா!” என்றார் மெத்தைக்கடைக்காரர். “எவனா இருந்தாலும் சரி, அவனை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு மானத்தை வாங்கணும். அப்பத்தான் புத்தி வரும்!”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “என் மேல கோபப்பட மாட்டீங்களே?”

“உன் மேல எனக்கு எதுக்கும்மா கோபம்?”

அவள் எழுந்து, இடது கையால் ஜன்னல் திரையை முழுதாக விலக்கினாள். “எல்லாரும் கொஞ்சம் இங்க வந்து பாருங்க.”

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் பாதை நகராட்சி வாசலில்தான் தொடங்குகிறது. அங்கே, வெள்ளைக் கோட்டுக்குள், மேலே ஒரு இரட்டை மெத்தையைக் கட்டிக்கொண்டு ஒரு நீல வேன் நின்றிருந்தது. அதன் நாலு இண்டிகேட்டர்களும் மினுக் மினுக்கென்று எரிந்தன. பள்ளிச் சீருடையில் வந்த ஒரு பெண் சைக்கிளை ஒடித்து, வேனைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்குப் போனாள். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.

“ஐயையோ, நம்ம வண்டி!” மெத்தைக்கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “ரெண்டே நிமிஷம்தானேன்னு லைட்டைப் போட்டுட்டு வந்தேன் மேடம். லைட்டு எரிஞ்சா நிறுத்தினதா அர்த்தமில்ல, சும்மா நிக்குதுன்னு அர்த்தம். இதோ, எடுத்துடறேன்!” சாவியோடு கதவுவரை ஓடியவர் திரும்பினார். “நான் வர்றதுக்குள்ள நீ அந்தத் தறுதலையோட வண்டி எப்படி இருந்துச்சுன்னு மேடம்கிட்ட சொல்லும்மா.”

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “அன்னைக்கும் நாலு லைட்டும் இப்படித்தாங்க எரிஞ்சுக்கிட்டிருந்துது.”