மரம் அறுக்க வந்தவர்

"உனக்குப் பிள்ளைங்க இருக்கா இல்லையா? நாளைக்கு அதுங்க எந்த நிழல்ல நிக்கும்?"

டீச்சர் கேட்டது ரம்பக்காரரை. அவர் லாரியிலிருந்து மோட்டார் ரம்பத்தை இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

சாலையை அகலப்படுத்த இருபத்திரண்டு தூங்குமூஞ்சி மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து டீச்சருக்குத் தூக்கமில்லை. பெண்கள் பள்ளியில் உயிரியல் எடுப்பவர். ஒரு வாரமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். மர நிழலில் ஒரு வெப்பமானி, மரமில்லாத திருப்பத்தில் இன்னொன்று என்று தொங்கவிட்டார். இரண்டுக்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம். அதை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி பஸ் ஸ்டாப்பில் வைத்தார்.

போகிறவர்கள், வருகிறவர்கள் நின்று படித்தார்கள். அன்று காலை மனிதச் சங்கிலிக்கு இருநூறு பேர் வந்துவிட்டார்கள். நர்ஸுகள், ஆட்டோ ஓட்டுபவர்கள், பேங்க் ஊழியர்கள், பிளஸ் டூ மாணவிகள். மரத்துக்கு மரம் கை கோத்து நின்றார்கள்.

வக்கீல் தடை உத்தரவு வாங்க கோர்ட்டுக்குப் போயிருந்தார். மதியம் வரைக்கும் எப்படியாவது தாக்குப்பிடியுங்கள், ஒரு மரம் விழுந்தால்கூட வேலை ஆரம்பித்துவிட்டது என்று சொல்லி மற்றதையும் சாய்த்துவிடுவார்கள் என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்.

நடுவில் ரம்பக்காரர் எழுந்து டீ குடிக்கப் போனார். திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் அட்டை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். வேவு பார்க்கிறான் என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

டீச்சர் அவரைப் போட்டோ எடுத்தார். "கூலிக்குக் கொலை செய்ய வந்தவர்" என்று எழுதி பேஸ்புக்கில் போட்டார். பத்து நிமிஷத்தில் அதற்குக் கீழே வசவுகள் குவிந்தன. அவற்றை ஒருவர் ரம்பக்காரர் காதுபட வாசித்தும் காட்டினார். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குப் போலீஸ் வந்தது. முதலில் பேசிப் பார்த்தார்கள். பிறகு கோத்திருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எல்லாரையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். தள்ளுமுள்ளுவில் டீச்சரின் கண்ணாடி கீழே விழுந்து விரிசல் விட்டது. மாணவிகள் இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள்.

முதல் மரத்தடியில் இப்போது ரம்பக்காரர் மட்டும்தான். சாலை வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டர் கையைக் காட்டினார்.

ரம்பக்காரர் கயிற்றை இழுத்தார். ரம்பம் கிர்ரென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. மறுபடி இழுத்தார். மூடியைக் கழற்றி ஊதினார், மாட்டினார், இழுத்தார். இருபது தடவையாவது இழுத்திருப்பார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். மரத்தோட சாபம் சும்மா விடுமா என்றார் ஒரு நர்ஸ். விரிசல் கண்ணாடியோடு டீச்சரும் சிரித்தார்.

கான்ட்ராக்டருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அத்தனை பேர் முன்னாலும் ரம்பக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார். வண்டி ஏறுவதற்கு முன்னால் மிஷினைப் பார்க்கத் துப்பில்லையா, இனிமேல் என் வேலைக்கு வராதே என்றார். வேறு ரம்பம் கேட்டுப் போன் போட்டார். வந்து சேர இரண்டு மணி ஆகிவிடும் என்றார்கள்.

ஒன்றேகாலுக்கு ஓட்டமும் நடையுமாக வக்கீல் வந்துவிட்டார். கையில் தடை உத்தரவு.

அன்று சாயங்காலம் அந்த மரங்களுக்கு அடியிலேயே வெற்றிக் கூட்டம். கோத்த கைகளை எவராலும் பிரிக்க முடியாது என்று டீச்சர் பேசினார். நல்ல கைதட்டல்.

அடுத்த வாரம், பள்ளிக்குப் பின்னால் பட்டுப்போன மரம் ஒன்று ஆறாம் வகுப்புக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. அதை அறுக்க ஆபீஸ் கிளார்க் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். பார்த்தால், அதே ரம்பக்காரர். அதே ரம்பம்.

ஒரே இழுப்பு. ரம்பம் உறுமிக்கொண்டு கிளம்பியது. கூரையில் ஓர் ஓடுகூட உடையாமல் அரை மணியில் வேலையை முடித்துவிட்டார்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார். கான்ட்ராக்டர் மறுபடி சேர்த்துக்கொண்டாரா என்று விசாரித்தார். இல்லை, கிடைக்கிற இடத்தில் காய்ந்த மரம் அறுத்துக்கொடுத்துப் பொழுது ஓடுகிறது என்றார் அவர். அப்புறம் கொஞ்சம் தயங்கினார்.

"அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துடுங்க டீச்சர். என் பொண்ணு பார்த்துட்டா. அதுலேர்ந்து என்கூட சரியா பேசறதில்ல."

டீச்சர் அங்கேயே போனை எடுத்து அழித்தார். ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"ரம்பம் இப்ப நல்லா ஓடுதே. எங்க ரிப்பேர் பண்ணீங்க?"

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, ரம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

"ரிப்பேர் எல்லாம் எதுவும் பண்ணலீங்க. சுவிட்சைப் போடாம இழுத்தா எந்த ரம்பமும் ஓடாது, டீச்சர்."