பதினான்கு பெட்டிகள்

"ஊரார் கழிச்சுப் போட்ட புத்தகத்தை வாங்கி அடுக்கணும்னு நமக்கென்னம்மா தலையெழுத்து?" என்றார் வாசகர் சங்கத் தலைவர். தபால் நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

நூலகர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே மேலே பேசிக்கொண்டு போனார்.

போன வாரம் மூன்று நாள் தொடர் விடுமுறையில் மாடிக் குழாய் உடைந்து, நூலகம் முழுக்கத் தண்ணீர். கதவைத் திறந்தபோது புத்தகங்கள் ஊறிய ரொட்டி போல உப்பிக் கிடந்தன. அலமாரியில் இருந்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அவரும்தான் பார்த்தார்.

மறுநாள் காலை முகத்தைக் கழுவிக்கொண்டு, வட்டார நூலக மையத்துக்குப் போன் செய்தாள். சுற்றுவட்டார நூலகங்களை எல்லாம் இணைத்து வைத்திருப்பது அந்த மையம்தான். உடனே வேன் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள்.

தலைவருக்கு அதுதான் உறுத்தியது. தானம் வாங்கி நூலகம் நடத்தினால் சங்கத்தின் மானம் என்னாவது என்று கேட்டு, 'நன்றியுடன் மறுக்கிறோம்' என்று கடிதமே எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

வேன் வந்து நின்றது. பதினான்கு நூலகங்களிலிருந்து பதினான்கு பெட்டிகள். அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தையற்கடைக்காரி பாதி தைத்த ரவிக்கையோடு ஓடி வந்தாள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் நான் முந்தி நீ முந்தி என்று பெட்டி தூக்கினார்கள்.

தலைவர் கடிதத்தை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். "எல்லாத்தையும் திரும்ப ஏத்துங்க."

பிள்ளைகள் தூக்கிய பெட்டிகளைக் கீழே வைத்தார்கள்.

"சார், ஒரு பெட்டியை மட்டும் பிரிச்சுப் பாருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்றேன்" என்றாள் நூலகர். அவள் முகத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது.

வேண்டாவெறுப்பாக ஒரு பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அடுத்த பெட்டியையும் பிரித்தார். பிறகு டிரைவர் கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார்.

"என்னம்மா இது, எல்லாத்துலயும் நம்ம நூலக முத்திரை இருக்கு?"

"எல்லாம் நம்ம புத்தகம்தான் சார். அந்தந்த ஊர் வாசகருங்க கேட்டாங்கன்னு மையம் மூலமா நாம இரவல் குடுத்தது. குழாய் உடைஞ்ச அன்னிக்கு நம்ம புத்தகத்துல பாதி வெளியூர்லதான் இருந்துச்சு."