எக்கார்டின் கூடை

"இந்த ஹார்ட்ஸ் மலையில எந்த இலையும் எங்கிட்ட கேட்டுட்டுத்தான் முளைக்கும்," என்றான் எக்கார்ட். சிரிக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது வேடிக்கைப் பேச்சு இல்லை, நிலவரம்.

ஈரச் சருகில் மண்டியிட்டிருந்த டோர்பன் நிமிர்ந்து பார்த்தான். "அப்படியா அண்ணே?"

அந்த 'அண்ணே'யே எக்கார்டுக்குப் பிடிக்கவில்லை. டோர்பன் தலையில் இன்னும் முடி இருந்தது அதைவிடப் பிடிக்கவில்லை. அந்த முடிமேல் ரோஸ்வீதா பின்னிய கம்பளித் தொப்பி உட்கார்ந்திருந்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அன்று ஏப்ரல் கடைசி நாள். சாயங்காலம் புல்வெளியில், பழைய சாமிகளைக் கும்பிடும் அவர்கள் கூட்டத்தின் வசந்த நெருப்பு. முதலில் ஒன்பது காட்டுக் கீரை போட்ட சூப். அப்புறம், மனசுக்குப் பிடித்தவர் கையைப் பிடித்துக்கொண்டு தணலைத் தாண்டுவது. தாண்டிய ஜோடியை அதற்குப் பிறகு யாரும் பிரித்துப் பேசுவதில்லை. ஏழு வருஷமாக ரோஸ்வீதாவைக் கேட்கலாம், கேட்கலாம் என்று தள்ளிப்போட்ட எக்கார்ட், இந்த வருஷம் கேட்டே விடுவதென்று புதுச் சட்டை வாங்கியிருந்தான். சட்டை வாங்கிய வாரம்தான் ஹானோவர் நகரத்திலிருந்து டோர்பன் வந்து கூட்டத்தில் சேர்ந்தான்.

டோர்பன் ஓர் இலையைக் கிள்ளினான். நுனியைக் கசக்கினான். கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டுக் கூடையில் போட்டான். ஓடைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த இலையைக் கிள்ளினான்.

"ஏம்ப்பா, கீரை பறிக்க வந்தியா, திருடனைப் பிடிக்க வந்தியா? போலீஸ் நாய்கூட இவ்வளவு மோந்து பாக்காது."

"இல்லண்ணே, கரடிப்பூண்டும் மணிப்பூச் செடியும் இலையில ஒரே மாதிரி இருக்கு. மணிப்பூ இலை உள்ள போனா நெஞ்சு நின்னுடுமாம். பூண்டு வாசம் ஒண்ணுதான் அடையாளம். அந்த வாசம் விரல்ல ஒட்டிக்கிட்டா, விஷ இலையும் பூண்டாத்தான் மணக்கும். அதான் கழுவிக்கிறேன்."

"யாரு சொன்னா?"

"ரோஸ்வீதாதான். பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் கொடுத்தாங்க."

எக்கார்ட் இடுப்புக் கத்தியை உருவினான். இத்தனை வருஷத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பொறுமையாக வேறாம்!

"என்னைப் பாரு." கத்தியை வீசிக் கொத்துக் கொத்தாக அறுத்துக் கூடையில் திணித்தான். "ஏழு வருஷமா சூப்புக்குக் கரடிப்பூண்டு என் கூடையிலேருந்துதான் போகுது. ஒருத்தருக்காவது வயிறு கடமுடன்னிருக்கா? பாத்தாலே தெரியும் தம்பி. மூக்கெல்லாம் சளி பிடிக்கிறதுக்குக் கொடுத்தது."

அவர்கள் திரும்பி வந்தபோது ரோஸ்வீதா தன் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். எக்கார்டின் கூடையைப் பார்த்ததும், "அடேயப்பா! எக்கார்ட் கூடைன்னா எக்கார்ட் கூடைதான்," என்றாள். டோர்பனின் கூடையில் அடி தெரிந்தது. எக்கார்ட் தொண்டையைச் செருமி அவளும் அதைக் கவனிக்கும்படி செய்தான்.

"எக்கார்ட், நீ போய் விறகை அடுக்கு." என்றாள் அவள். " அதுக்கு உன்னை விட்டா ஆள் கிடையாது. டோர்பன், நீ உள்ள வாப்பா."

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் திரையும் இறங்கியது.

வருஷா வருஷம் சூப் வைக்குமுன் அவள் கதவைச் சாத்திக்கொள்வது வழக்கம்தான். கைப்பக்குவ ரகசியம் என்று எக்கார்டும் மரியாதையாக விலகி நிற்பான். ஆனால் இதுவரை அவள் தனியாகத்தான் சாத்திக்கொண்டாள்.

விறகை அடுக்கினான். உள்ளே சிரிப்புச் சத்தம். அடுக்கியதைக் கலைத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் மறுபடி அடுக்கினான்.

"மெதுவா சிரி," என்றாள் ரோஸ்வீதா. "அவன் காதுல விழப்போகுது."

"இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு எத்தனை நாளைக்குங்க? அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா தாங்க மாட்டான்."

எக்கார்டின் கையிலிருந்த கட்டை நழுவிக் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. தெரிந்ததெல்லாம், தணலுக்கு மேலே கைகோத்துப் பறக்கும் இரண்டு பேர். அதில் ஒருவன் தலையில் கம்பளித் தொப்பி. சுவரோடு சுவராக ஒண்டி, திரை இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்தான்.

மேசைமேல் அவன் கூடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் கை கழுவ ஒரு கிண்ணத் தண்ணீர். ரோஸ்வீதா ஓர் இலையை எடுத்து, நுனியைக் கசக்கி, மோந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கீழே வாளியில் போட்டாள். வாளி பாதி நிறைந்திருந்தது.

"இதுவும் மணிப்பூதான். ஏழு வருஷமா ஒருத்தியா உக்காந்து இவன் கூடையைப் பொறுக்குறேன், டோர்பன். இன்னிக்கு நீ இருக்கிறதால சீக்கிரம் முடியும், நானும் தலை சீவிட்டு நெருப்புக்குப் போவேன். அந்தப் பெருமைக்காரன் இந்தத் தடவையாவது கையை நீட்டுறானான்னு பாப்போம். நீட்டலைன்னா நானே இழுத்துக்கிட்டுத் தாண்டிட வேண்டியதுதான்."

எக்கார்ட் முற்றத்துத் தொட்டியில் முழங்கைவரை கழுவினான். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய், யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓர் இலையை எடுத்துக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனான்.