மேடையில் ஒரு சுருக்கு

சிறுத்தையைக் காப்போம் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் நாடகம் நடக்கிறது. வேட்டைக்காரன் வேஷத்தில் ஊர் பஞ்சர் கடைக்காரர் குந்தியிருக்கிறார், கையில் பிரேக் கம்பி. போன மாதம் சிறுத்தையிடம் ஆட்டைப் பறிகொடுத்தவர், கோபம் நன்றாக வரும் என்று அவரையே பிடித்துப் போட்டார்கள். கம்பியைச் சும்மா சுற்றினால் போதும் என்றுதான் ஒத்திகையில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் இத்தனை பேர் பார்க்கிறபோது விரல்களுக்குத் தெரிந்தது தானாக வந்துவிடுகிறது. கம்பியை இரண்டு சுற்று சுற்றி, நுனியை உள்பக்கமாக மடக்கி ஒரு இழுப்பு இழுக்கிறார். சுருக்கு கச்சிதமாக விழுகிறது. ஜன்னல் வெயில் அதில் பட்டு மின்னுகிறது. முன்வரிசையில் சாய்ந்திருந்த வனக்காவலர் நிமிர்ந்து உட்காருகிறார். போன வாரம் செத்துக் கிடந்த சிறுத்தையின் காலிலிருந்து அவர் வெட்டியெடுத்ததும் இதே முடிச்சுதான். பெண்கள் பக்கத்தில் கடைக்காரரின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. காட்சி முடியுமுன்பே அவள் படபடவென்று கைதட்டுகிறாள், கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. "நடிப்புன்னா இதுதான்யா" என்கிறார் யாரோ. வனக்காவலர் மட்டும் தட்டவில்லை. சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, தணிந்த குரலில் கேட்கிறார்: "அண்ணே, இன்னொரு தரம் கட்டுங்க. மெதுவா."