தேவையில்லாத ஒரு வரி

"பேரு கெடைச்சுதா மேடம்?" என்று மேலாளர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கேட்கட்டும். அவசரக்காரர்களை மாமியாருக்கு ஆகாது.

அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர், முதுகுக்குப் பின்னால் மட்டும். மெஷினை எழுப்பி உட்கார வைக்கிற அடிப்படை மென்பொருளான கர்னலில் யார் எதை மாற்றினாலும் அவள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் உள்ளே போகும். லேசில் சரி என்றதாகச் சரித்திரமே இல்லை. வரியின் முடிவில் ஓர் இடைவெளி கூடுதலாக இருந்தால்கூடத் திருப்பி அனுப்புவாள்.

ஏழு முறை திருப்பி வாங்கிய ஒருவர் வேலையை விட்டுவிட்டுத் துணிக்கடை வைத்தார். துணியையாவது நேராகக் கிழிக்கிறாரா என்று அவள் விசாரித்தாள்.

மேலாளரையும் விட்டுவைப்பதில்லை. டை முடிச்சு கோணல் என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது.

முந்தாநாள் பேருந்து நிலையங்களில் நிற்கிற டிக்கெட் மெஷின்களுக்கெல்லாம் புதிய கர்னல் போனது. நேற்றுக் காலையிலிருந்து முன்னூறும் கல்லுளிமங்கன்கள். திரை பளிச்சென்று எரிகிறது, எத்தனை குத்து குத்தினாலும் அசைவதில்லை. ஓர் அம்மாள் குடைக் கம்பியால் குத்துகிற வீடியோவை ஊரே பார்த்துச் சிரித்தது.

தொடுதிரை என்று ஒன்று இருப்பதே புதிய கர்னலுக்குத் தெரியவில்லை. அது வரைக்கும் கண்டுபிடித்தாகிவிட்டது.

யார் செய்த வேலை என்பதுதான் பாக்கி. மேலாளர் அதையும் தீர்மானித்துவிட்டார். வேலைநீக்கக் கடிதம் அச்சாகி அவர் கையில் இருந்தது. கடிதம் சோடாபுட்டிக்கு.

சோடாபுட்டி மேசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, தடித்த கண்ணாடி, வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ஒரு வாய் குடிக்கவில்லை.

யாரும் எதுவும் சொல்லாவிட்டால் கர்னல் தானாக எடுத்துக்கொள்கிற பதில் ஒன்று உண்டு. டிஃபால்ட் என்பார்கள். அந்தத் தொடுதிரைக்கு 'ஆம்' என்றிருந்த டிஃபால்ட்டைப் போன மாதம் 'இல்லை' என்று மாற்றியவர் சோடாபுட்டிதான். ஒரு சொல்லை மாற்ற இரண்டு பக்க விளக்கம் வேறு. அந்த வளவளப்பைக் கண்டாலே மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐந்து முறை திருப்பிவிட்டு ஆறாவது முறைதான் விட்டாள்.

ஆனால் விதிப்படி அது சரி. சில மெஷின்களில் மட்டும் இருக்கிற உறுப்பு பொதுவில் அணைந்துதான் கிடக்க வேண்டும். வேண்டுகிற மெஷின் தன் சொந்தக் கோப்பில் ஒரு வரி போட்டு, வாயைத் திறந்து கேட்டு வாங்க வேண்டும், டிஃபால்ட் 'ஆம்' என்றே இருந்தாலும். விதியை எழுதியவளே அவள்தான். அச்சடித்துச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

டிக்கெட் மெஷினின் கோப்பில் அந்த வரியைக் காணோம்.

கர்னலின் சரித்திரம் எதையும் மறைக்காது. எந்த வரியை யார் தொட்டார், யார் அனுமதித்தார், எல்லாம் அதில் கிடக்கும். தோண்டத்தான் மற்றவர்களுக்குப் பொறுமை கிடையாது. மாமியார் தோண்டினாள். வழியில் தட்டுப்பட்டவர்களையெல்லாம் மனதுக்குள் வைதுகொண்டே போனாள்.

எட்டு வருட ஆழத்தில் கிடைத்தது.

வரி இருந்திருக்கிறது. யாரோ துடைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு குறிப்பு: 'டிஃபால்ட்டே ஆம்தான். இது தேவையில்லாத வரி.'

தேவையில்லாத வரியாம். எந்தப் பெரிய மனுஷன் கண்டுபிடித்தான் இதை? சுவரில் அவ்வளவு பெரிதாக ஒட்டியிருப்பது கண்ணில் படவில்லையா? எட்டு வருடமாக முன்னூறு மெஷினும் டிஃபால்ட்டின் தயவில் ஓடியிருக்கின்றன. சரி, துடைத்தவன்தான் துடைத்தான், இதற்குத் தலையாட்டிய அரைவேக்காடு எது?

பெயர்களைத் திறந்தாள்.

துடைத்தவர் பெயரைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

அனுமதித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

மாலை நான்கு பத்துக்கு வந்திருக்கிறது. நான்கு பன்னிரண்டுக்கு அனுமதி. ஒரு கேள்வி இல்லை, ஒரு திருத்தம் இல்லை. 'மிக அழகு' என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் போட்டிருந்தாள்.

அதற்கு முன்னும் பின்னும் அவள் யாருக்கும் அந்த முகத்தைப் போட்டதில்லை.

அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நான்கரைக்கு எதிர்த்த தேநீர்க் கடைக்குப் போக வேண்டியிருந்தது, முதல் தடவையாக. வரியைத் துடைத்தவர்தான் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. இத்தனை வருடமாக அடுத்தவர் வரிகளில் இடைவெளி எண்ணிய மூஞ்சி இது.

மேலாளர் பேனாவைத் திறந்தார். பாட்டில் மூடியின் சத்தம் நின்றது.

திரையை மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சோடாபுட்டி எதிர்த்துப் பேசுகிற ஆளும் இல்லை.

மாமியார் திரையை மூடவில்லை.

"சார், அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடுங்க. வரியைத் தொடச்ச மகானையும், பல்லை இளிச்சுக்கிட்டு அதுக்கு ஆமாம் போட்ட மகராசியையும் நம்ம வீட்டுக்குப் போயி விசாரிச்சுக்கலாம்."

மேலாளரின் கை மெதுவாக டை முடிச்சுக்குப் போயிற்று.