சோபாவில் கிடந்த கிட்டார்

அமெரிக்காவின் டொலீடோவில் கூரைக்குத் தார் பூசும் வேலை முடித்து வந்த லானி, அந்த நாற்றத்தோடு டிவி முன் நின்று வீடியோ கேமின் பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டினான். மறுபடியும் அந்தப் பிரிவுப் பாட்டு.

"மார்லா உன்னை விட்டுப் போயே போயிட்டா. வேற பாட்டு கெடைக்கலையாடா?" என்றான் கூட வேலை செய்யும் கர்ட்.

"பீரைக் குடிச்சிட்டு கம்முனு கிட."

ஜோடியாக ஆடும்போது ஒருவர் தோற்றால், மற்றவர் கிட்டாரின் கழுத்தை மேலே தூக்கிக் காப்பாற்றலாம். மார்லா எப்போதும் தூக்குவாள். தனியாக ஆடினால் தோற்றது தோற்றதுதான். அவளுடைய கிட்டார் பேட்டரிகூட இல்லாமல் சோபாவில் படுத்துக் கிடந்தது.

கடைசிச் சரணத்தில் லானிக்குக் கை ஓடவில்லை. திரை சிவந்து பாட்டு நின்றது.

பிறகு, பாட்டு தொடர்ந்தது.

"டேய், சோபாவைப் பாரு," என்றான் கர்ட். மார்லாவின் கிட்டார் தானாகவே கழுத்தை மேலே தூக்கி நின்றது.

லானி திரும்பவில்லை. பாட்டு முடியும்வரை வாசித்தான்.