இந்த வருஷம் கூட்டம் மேட்டில்

மேட்டுத் தெருவுக்கு நகராட்சி பஸ் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்று கவுன்சிலர் சொல்லி வாய் மூடவில்லை, பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கைகள்.

கவுன்சிலர் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார்.

போன வருஷம் இதே கேள்விக்கு எழுந்தது ஒரே ஒரு கை. தையல்காரியின் கை.

வார்டு கூட்டம் எப்போதும் கீழே, கடைத்தெரு மண்டபத்தில்தான் நடக்கும். மேட்டுக்காரர்கள் வந்து கை தூக்க வேண்டுமென்றால் அந்தச் செங்குத்துப் பாதையில் இறங்கி, திரும்ப ஏறவும் வேண்டும். பஸ் கேட்க வருவதற்கே ஒரு பஸ் தேவைப்பட்டது.

அதனால் வார்டுப் பணம் வருஷா வருஷம் கடைத்தெருவுக்கே போனது. நடைபாதைக்கு டைல்ஸ் பதித்தார்கள். அடுத்த வருஷம் அதைப் பெயர்த்துவிட்டு வேறு நிறத்தில் பதித்தார்கள்.

இந்த முறை மண்டபக் கூரையில் விரிசல், அடியில் உட்காருவது ஆபத்து என்று நகராட்சி எஞ்சினியரம்மா சொல்லிவிட்டார். வார்டில் வேறு பொது இடம் மேட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

தையல்காரி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதம். ஆஸ்பத்திரி கீழே இருக்கிறது. வலி எடுத்தால் எப்படி இறங்குவது என்று பயந்து பயந்தே தூக்கம் கெட்டவள், ஒரு கை போதாதென்று இரண்டையும் தூக்கியிருந்தாள்.

வேண்டாம் என்பவர்கள் உண்டா என்றார் கவுன்சிலர்.

எல்லோரும் டைல்ஸ் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய ஆட்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட, அவர் மட்டும் விடாப்பிடியாக ஏறி வந்திருந்தார், பாவம். எதிர்க்க ஆசைதான். ஆனால் மூச்சு இரைத்தது, இரண்டு கைகளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பஸ் தீர்மானம் நிறைவேறியது.

இறங்கும் வழியில் அவர் எஞ்சினியரம்மாவைப் பிடித்துக்கொண்டார். "கூரைய எப்பம்மா சரி பண்ணுவீங்க? அடுத்த வருஷமும் என்னால இப்படி ஏற முடியாது."

"கவலைப்படாதீங்கண்ணே. அடுத்த வருஷம் பஸ்லயே வந்துடலாம்."

எஞ்சினியரம்மா போன மாதமும் ஒரு தடவை மேடு ஏறியிருந்தார். தைக்கக் கொடுத்த சட்டையைத் தையல்காரியால் கீழே கொண்டுவர முடியவில்லை, அதை வாங்கத்தான். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, பாதையைத் திட்டிக்கொண்டே ஏறினார்.

மறுநாள் காலையில்தான் கூரையில் அந்த விரிசல் அவர் கண்ணில் பட்டது. இன்றுவரை வேறு யார் கண்ணிலும் படவில்லை.